பாறை சுடும் முன் அருவிக்கு: பிள்ளைகளோடு ஒகேனக்கல்

ஜூலை மாதம் தருமபுரியில் வானம் வெளுத்துக் கிடக்கும். பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது இரண்டு பக்கமும் முள்ளும் காய்ந்த மூங்கிலும்தான். அடிவாரத்துக்குப் போனால் காவிரி பாறை தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட நம் ஊரில் பெய்ததில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் தேங்கி, மதகு திறந்ததும் இங்கே வந்தது. ஆகவே ஒகேனக்கல்லுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர் இரண்டு வானத்தைப் பார்க்க வேண்டும். வெயிலுக்கும் நிழலுக்கும் குடிநீருக்கும் நம் ஊர் வானம். ஆற்று நீருக்கோ, மேற்கே இருக்கிற வானம். இங்கே மேகமே இல்லை, தண்ணீர் எப்படி ஏறும் என்று நினைப்பதுதான் வெளியூர்க்காரர்கள் செய்கிற முதல் தப்பு.

கிளம்பும் முன்: பிலிகுண்டுலு எண்

கர்நாடகத்திலிருந்து வருகிற காவிரியை எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். “ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி” என்று தினமும் செய்தியில் வருவது அந்தக் கணக்குத்தான். ஆயிரம் கன அடி என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 28,300 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்கு மேல், ஒவ்வொரு விநாடியும். கோடையில் இது சில நூறு கன அடிக்கு இறங்கிவிடும். 2018லும் 2024லும் வெள்ளம் வந்தபோது ஒரு லட்சத்தைத் தாண்டியது.

ஒரு நாள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மூன்று நாள் எண்ணை வரிசையாக எழுதிப் பாருங்கள். மூன்று நாளும் ஒரே அளவு, அல்லது இறங்குமுகம் என்றால் போகலாம். நேற்றைவிட இன்று கூடியிருந்தால், தடை போடாவிட்டாலும் சின்னப் பிள்ளைகளோடு போகிற திட்டத்தைத் தள்ளி வையுங்கள். அணையில் திறந்த தண்ணீர் உடனே இங்கே வந்துவிடாது. பாறையும் காடுமாக வெகுதூரம் ஓடி வர வேண்டும். அதனால் அணை திறப்புச் செய்தி வந்த அன்று ஆறு அமைதியாக இருப்பதை நம்பக் கூடாது.

நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை போடும். சில நாள் ஒன்றுக்கு மட்டும் தடை இருக்கும். “பரிசல் இல்லைன்னா வெறும் நடைதான்” என்று வீட்டிலேயே பிள்ளைகளிடம் சொல்லி வைத்துவிடுங்கள். இருநூறு கிலோமீட்டர் வந்த பிறகு சொன்னால், அழுகைக்குப் பயந்து நீங்களே தடுப்புக் கம்பியைத் தாண்டப் பார்ப்பீர்கள்.

அக்டோபர், நவம்பரில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்ளும். பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்து வருகிற சின்னாறு ஒகேனக்கல்லில்தான் காவிரியோடு சேர்கிறது. வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஓடை அது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் முந்தின நாள் சாயங்காலம் பலத்த மழை என்றால் அதில் திடீரென்று தண்ணீர் வரும். காய்ந்து கிடக்கிறதே என்று அதன் மணலில் பாய் விரித்து உட்கார வேண்டாம்.

பிள்ளைகளுக்கு நல்ல காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச்சுக்கு மேல் தண்ணீர் குறைந்து பாறை முழுக்க வெளியே தெரியும். பார்க்க அழகு, நடக்க அடுப்பு. ஆடிப் பதினெட்டு அன்று ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு போகவே வேண்டாம். கூட்டமும் அன்றுதான், பெரும்பாலும் வெள்ளமும் அந்தச் சமயத்தில்தான்.

காட்டுக்குள் இருக்கிற ‘யாருக்கும் தெரியாத’ அருவி

அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை காடுகளில் மழைக்குப் பின் மட்டும் விழுகிற சின்னச் சின்ன அருவிகள் உண்டு. ரீல்ஸ் பார்த்துவிட்டு அங்கே போகலாமா என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதில் பெரும்பகுதி காப்புக்காடு. 2014ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022ல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. யானை நடமாடுகிற இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். சட்டத்தை விடுங்கள்: யானை துரத்தினால் ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் யாராலும் ஓட முடியாது. அனுமதியும் வனத்துறை ஆளும் இல்லாமல் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகாதீர்கள். ஒகேனக்கல்லில் நடைபாதை, தொங்குபாலம், குளிக்கிற இடம் என்று ஆள் நடமாட்டம் உள்ள இடமாகவே அரை நாள் நடை கிடைக்கும்.

பிள்ளை பாறையில் நடந்து பழகாதது என்றால் இரண்டு வாரம் முன்பு கிருஷ்ணகிரி கோட்டை மலையோ இராயக்கோட்டையோ ஏற்றிப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். முழங்கால் நடுங்கி, உட்கார்ந்து சறுக்கி இறங்குகிற பிள்ளை என்றால், ஒகேனக்கல்லில் நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேரம்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். அதில் பென்னாகரத்துக்கு அப்பால் வருகிற கடைசிப் பகுதி காடும் மலைப்பாதையும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு இறங்கிவிடலாம். எட்டுக்குள் நடை ஆரம்பம், பதினொன்றுக்குள் பாறையை விட்டு வெளியே. பதினொன்றிலிருந்து மூன்று வரை மரத்தடி, சாப்பாடு, தூக்கம். இந்த நேரத்தில் பிள்ளைகளைப் பாறையில் விட எந்தக் காரணமும் போதாது.

வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்குக் கிளம்பும்போது பால் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். முன்பக்கம் பார்த்து உட்கார வையுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள்.

நடை வேகத்துக்கு ஒரு கணக்கு: சமதரையில் பெரியவர் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடப்பார் என்றால், ஆறு வயதுப் பிள்ளை பாறையில் அதில் பாதிகூட நடக்காது. நடுவில் ஓணான் பார்க்கும், கல் பொறுக்கும். திட்டத்தில் அதற்கும் நேரம் விடுங்கள். அவசரப்படுத்தினால்தான் கால் இடறும்.

கால்

இங்கே விழுந்து அடிபடுவதில் பாதி செருப்பால் வருவது. ஹவாய் செருப்பு நனைந்ததும் பாதம் அதன் மேலேயே வழுக்கும். குரோக்ஸ் மாதிரியான மெத்துச் செருப்பும் ஈரப்பாறையில் நிற்காது. குதிகாலில் வார் இருக்கிற சாண்டல், அல்லது பழைய கேன்வாஸ் ஷூ. அடிப்பக்கம் ரப்பராக, நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் குழிவதாக இருக்க வேண்டும். தேய்ந்து வழவழப்பானதை வீட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றி நடக்கவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். தண்ணீருக்குள்ளும் கழற்றக் கூடாது. குடித்துவிட்டுப் பாறையில் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிற மகராசன்கள் எல்லா வாரமும் வருகிறார்கள். கண்ணாடிச் சில்லு தண்ணீருக்கு அடியில் தெரியாது.

பாறையை நிறம் பார்த்து மிதிக்கச் சொல்லிக்கொடுங்கள். வெளுத்துக் காய்ந்திருக்கிற பாறை பிடிக்கும். கறுத்து மினுமினுக்கிற இடத்திலும் பச்சை படர்ந்த இடத்திலும் பாசி, அது வழுக்கும். “வெள்ளையில கால் வை, கறுப்புல வைக்காதே” என்று ஒரு விளையாட்டாகச் சொன்னால் நாலு வயதுப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்ளும்.

இறங்கும்போது பாறையைப் பார்த்துத் திரும்பி, கை இரண்டும் பாறையில் பதிய, ஒரு கால் உறுதியாக ஊன்றிய பிறகு அடுத்த கால். பெரியவர் கீழே நிற்க வேண்டும். மேலே நின்று கையைப் பிடித்து இறக்கக் கூடாது. பிள்ளை சறுக்கினால் உங்களையும் சேர்த்து இழுத்துவிடும். எட்டு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். அது குறையக் கூடாது. “எல்லாரும் பாத்துக்குவாங்க” என்று இருக்கிற பெரிய குடும்பத்தில்தான் பிள்ளையை யாரும் பார்க்காமல் போகிறது. பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள்: இவனுக்கு மாமா, இவளுக்குச் சித்தி.

பாறை சூட்டுக்குச் சோதனை: உங்கள் புறங்கையைப் பாறையில் வைத்து ஐந்து எண்ணுங்கள். ஐந்து வரை வைக்க முடியாவிட்டால் பிள்ளையின் உள்ளங்கை, முழங்கால், உட்காருமிடம் எல்லாம் சுடும். பத்தரை மணிக்கே மார்ச்சில் இந்தச் சோதனை தோற்றுவிடும்.

தண்ணீர், உப்பு, சோறு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதனால் வழியில் கண்ட கைப்பம்பில் பாட்டிலை நிரப்பாமல் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஆற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கக் கூடாது; மேலே எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர், அதாவது 100 முதல் 150 மில்லி. கேட்டால் கொடுப்பது என்று இருக்காதீர்கள். தண்ணீரில் விளையாடுகிற பிள்ளைக்குத் தாகம் தெரியாது. உடம்பு நனைந்திருப்பதால் வியர்ப்பதும் தெரியாது. அரை நாளுக்குப் பிள்ளைக்கு ஒன்றரை லிட்டர், பெரியவருக்கு மூன்று லிட்டர் என்று வையுங்கள். ஒரே பெரிய கேனாக வேண்டாம். பிள்ளை முதுகில் அரை லிட்டர் பாட்டில் ஒன்று, மீதி பெரியவர்கள் பையில்.

மூத்திரம்தான் அளவுகோல். வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. காலையில் போன பிள்ளை மதியம் வரை போகவில்லை என்றால் நடையை நிறுத்துங்கள்.

உப்புக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பின்னால் எத்தனை மில்லிக்கு என்று போட்டிருப்பதைப் படித்துக் கலக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிஞ்சி, சோர்ந்திருக்கிற பிள்ளைக்கு இன்னும் மோசமாகும். அரை பாக்கெட், கால் பாக்கெட் என்று கண்ணளவாகப் போடுவதும் கூடாது. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டையும் தலை தட்டி அளக்கணும். கடையில் பழச்சுவையோடு விற்கிற அட்டைப் பெட்டி ஜூஸ் இதற்கு ஈடில்லை, அதில் சர்க்கரைதான் அதிகம். நீர்மோரும் பானகமும் தாராளமாகக் கொடுக்கலாம். மோரை மட்டும் பத்து மணிக்குள் தீர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, பொடி தடவிய இட்லி. தயிர்ச்சோறு கட்டுவதென்றால் பாலில் பிசைந்து ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள், மதியத்துக்குப் பதமாக இருக்கும். முழுத் தயிரில் பிசைந்தது இந்த வெயிலில் பதினொன்றுக்கே புளித்துப் பொங்கும். நடுவில் கொறிக்கக் கடலை மிட்டாய், வாழைப்பழம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளதுக்கு முழுக்கடலை வேண்டாம். ஓடும்போது தொண்டையில் மாட்டும்.

மீன் இல்லாமல் ஒகேனக்கல் இல்லை. கடையில் மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தரும் அக்காக்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பெரிய மீனின் நடுத்துண்டு கேளுங்கள். ஜிலேபி மாதிரியான சின்ன மீனில் முள்ளைப் பொறுக்குவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். மிளகாய் குறைத்துத் தனியாக வறுக்கச் சொன்னால் செய்து தருவார்கள். ஆனால் முன்னாலேயே சொல்ல வேண்டும், மசாலா தடவிய பிறகு சொல்லிப் பயனில்லை.

குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றாலே சோறுதான். சாப்பாட்டைத் துணிப்பையில், ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள். குரங்கு பையைப் பிடித்தால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள். பிள்ளைகளிடம் தின்பண்டத்தைக் கையில் கொடுத்து நடக்கவிடாதீர்கள். கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசி. மஞ்சள் தடவிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது.

அருவியிலும் ஆற்றிலும்

வந்ததும் தண்ணீரில் இறங்காதீர்கள். முதல் வேலை: தண்ணீர் ஓரத்தில் பாதி நனைந்து பாதி காய்ந்திருக்கிற ஒரு கல்லை அடையாளம் வையுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். காய்ந்த பாதியும் நனைந்துவிட்டால் தண்ணீர் ஏறுகிறது, எல்லாரையும் வெளியே கூப்பிடுங்கள். தெளிவாக ஓடியது திடீரென்று செம்மண் நிறமாகக் கலங்கினாலும், நுரையும் சுள்ளியும் சருகும் மிதந்து வந்தாலும் அதே பொருள்தான். துணி, பை, செருப்பு என்று பொறுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளையை மட்டும் தூக்குங்கள்.

அருவிக்கு நேர் கீழே பிள்ளைகளை நிற்க வைக்காதீர்கள். உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் தோளில் அடித்தாலே பத்து வயதுப் பிள்ளை மண்டியிட்டுவிடும், கூடவே கல்லும் குச்சியும் வரலாம். குளிப்பதற்கென்று தடுப்புக் கம்பி போட்ட இடத்தில், ஓரமாக வழிகிற தண்ணீர் போதும். ஐந்து நிமிடம் நனைந்து, பத்து நிமிடம் வெளியே. உதடு நீலம் பூத்தாலோ நடுங்கினாலோ துண்டைப் போர்த்தி வெயிலில் நிறுத்துங்கள்.

நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது முக்கியம். பிள்ளைக்கு மேலே அல்ல, தண்ணீர் போகிற திசையில், அதாவது பிள்ளைக்குக் கீழ்ப்பக்கம், கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கால் வழுக்கினால் தண்ணீரே பிள்ளையை உங்கள் கையில் கொண்டு வந்து சேர்க்கும். மேல்பக்கம் நின்றால் விரட்டிக்கொண்டு ஓட வேண்டும், ஆற்றை யாரும் விரட்டிப் பிடித்ததில்லை.

எண்ணெய் மசாஜ் பற்றி ஒரு வார்த்தை. ஒகேனக்கல் வந்து எண்ணெய் தேய்க்காமல் போகிறவர்கள் குறைவு, பெரியவர்கள் தேய்த்துக்கொள்ளட்டும். பிள்ளைக்குத் தேய்த்தால் உள்ளங்கால், உள்ளங்கை, அக்குள் மூன்றையும் துணியால் துடைத்துவிட்டே இறக்க வேண்டும். எண்ணெய் தேய்த்த பிள்ளையின் கையை இறுகப் பிடித்தாலும் சோப்புக்கட்டி மாதிரி நழுவும். தேய்த்த பெரியவர் பிள்ளையைப் பிடிக்கிற ஆளாக இருக்கக் கூடாது. குளிக்கிற இடத்துப் பாறையில் மற்றவர்கள் விட்டுப்போன எண்ணெய் எப்போதும் இருக்கும்; பாசி இல்லாத இடமும் வழுக்குவது அதனால்தான்.

சத்தம் போட்டு விழுகிற அருவியைவிடச் சத்தமில்லாமல் நிற்கிற மடு பொல்லாதது. கரையில் நிற்கிறவருக்கு முழங்கால் ஆழம் மாதிரி தெரியும். ஆற்றின் சுழல் கல்லை உருட்டி உருட்டிக் குடைந்த குழிகள் இந்தப் பாறை முழுக்க உண்டு. உரல் மாதிரி வட்டமாக இருக்கும், சிலது ஆள் ஆழம். தண்ணீர் குறைந்த மாதத்தில் வெளியே தெரிகிற குழியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, “தண்ணி இருக்கும்போது இது தெரியாது” என்று சொல்லுங்கள். பத்து அறிவுரையைவிட அது மனதில் நிற்கும். காவிரியில் முதலையும் உண்டு. ஒகேனக்கல்லில் முதலைப் பண்ணை இருப்பதைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் பண்ணைக்குள்ளதான்’ என்று நினைக்க வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத மணல் திட்டிலும் மடுவிலும் இறங்காதீர்கள்.

பரிசலுக்கு உரிய இடத்தில் கட்டணம் கட்டி ரசீது வாங்குங்கள். வழியில் மடக்கி ‘குறுக்கு வழியில் கூட்டிப் போறேன்’ என்கிறவரிடம் வேண்டாம். உயிர்காப்பு உடை மாட்டியதும் தோள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய அளவு. தண்ணீரில் விழுந்தால் உடை மேலேயும் பிள்ளை கீழேயுமாகப் போகும். சின்ன அளவு கேளுங்கள், இல்லையென்றால் அன்றைக்குப் பிள்ளைக்குப் பரிசல் இல்லை. பிள்ளை தரையோடு தரையாக உட்கார வேண்டும், விளிம்பில் கை வைக்கக் கூடாது. பாறையோடு உரசும்போது விரல் நசுங்கும். ‘சுத்திக் காட்டட்டுமா’ என்று பரிசல்காரர் கேட்பார். வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிடுங்கள், மீன் சாப்பிட்ட வயிறு தாங்காது.

சூடு பிடித்தால், கடித்தால்

பிள்ளை சிணுங்குவதை நிறுத்திச் சோர்ந்து உட்கார்ந்தால் அது நல்ல பிள்ளையாகிவிட்டதென்று அர்த்தமில்லை. தலைவலி, குமட்டல், முகம் சிவப்பு: இதெல்லாம் சூடு ஏறியதன் முதல் அடையாளம். நிழலுக்குக் கொண்டுபோய் ஷூவைக் கழற்றி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் கரைசல். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் சொன்னாலோ, வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். நனைத்து விசிறுவதை மட்டும் நிறுத்த வேண்டாம். போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது, எங்கே கிடைக்கிறது என்று வரும்போதே பார்த்து வையுங்கள்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கொலுசு, காப்பு, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட காலை அசைக்காமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, தூக்கிக்கொண்டு போங்கள். பிள்ளையை நடக்கவிடக் கூடாது. பக்கத்தில் பென்னாகரம் அரசு மருத்துவமனை, பெரிய மருத்துவமனை தருமபுரியில்.

திரும்ப மலை ஏறுவது நாலு மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் யானைகள் தண்ணீருக்காக இந்தச் சாலையைக் கடக்கும், இருட்ட ஆரம்பித்தால் வளைவில் நிற்பது தெரியாது. எதிரே யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். பின்னால் குட்டி வருகிறதா என்று பார்த்து, கூட்டம் முழுக்கக் கடந்த பிறகு கொஞ்ச நேரம் கழித்து நகருங்கள். அஞ்செட்டி வழியாகத் தேன்கனிக்கோட்டை, ஓசூர் போகிறவர்களுக்குக் காட்டுப்பாதை இன்னும் நீளம், ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீரில் ஊறியபோது கண்ணாடி கீறினது வலித்திருக்காது. காயம் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி அட்டையில் கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது என்று பார்த்து, சந்தேகமென்றால் மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் அடிப்பக்கம் இறுகி, அடுத்த தடவை பாறையில் பிடிக்காது.